பழியைச் சுமந்து பள்ளி கண்ட பெருந்தகை சர் சையித் அகமத் கான்

ஓதும்படி பிறந்த கட்டளையோடு வஹீயின் வாசல் திறந்தது என்பதை நாம் அறிவோம். அந்தக் கட்டளையை ஏற்ற சமுதாயம் பக்தாதிலும் குர்துபாவிலும் கெய்ரோவிலும் அறிவின் விளக்கை ஏந்தி நின்றது. அதே சமுதாயம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியாவில், பள்ளிக்கூடத்தின் வாசலைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நின்றதும் வரலாறுதான். அந்த அச்சத்தைப் போக்குவதற்காகத் தம் செல்வத்தையும், உடல் நலத்தையும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தம் நற்பெயரையும் செலவிட்ட ஒரு பெரியவரின் வாழ்வை இவ்வாரம் நினைவுகூர விழைகிறேன். அவர் அலிகார் கல்லூரியைக் கண்ட சர் சையித் அகமத் கான்.

நான் மதரஸாவில் ஓதிய நாட்களில் இப்பெயரை அகீதா பாடத்தில்தான் முதலில் கேட்டேன். மறுக்கப்பட வேண்டிய கருத்துகளைச் சொன்னவர் என்ற அளவிலேயே அவர் எங்களுக்கு அறிமுகமானார். பல ஆண்டுகள் கழித்து, அவர் வரலாற்றை முழுமையாகப் படித்தபோதுதான், ஒரு மனிதரின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது நீதியாகாது என உணர்ந்தேன். அந்த உணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

தாயின் மடியில் முதற்பாடம்

1817-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் டில்லி மாநகரில் அவர் பிறந்தார். தந்தை மீர் முத்தகீ மொகலாய அரசவையோடு தொடர்புடையவர். உலக ஆசையைக் குறைத்துக்கொண்டு, நக்ஷபந்தி தரீக்காவின் ஷைகு ஷா குலாம் அலீ அவர்களிடம் பற்று வைத்து வாழ்ந்தவர். குழந்தைக்கு அகமத் என்று பெயரிட்டவரும் அந்த ஷைகுதான். தாயின் தந்தையார் குவாஜா ஃபரீதுத்தீன், கல்கத்தா மதரஸாவின் மேற்பார்வையாளராகவும், பின்னர் அக்பர் ஷாவின் அமைச்சராகவும் விளங்கிய கணித வல்லுநர்.

ஆயினும் அவரை உருவாக்கியவர் அன்னை அஸீஸுன்னிஸா பேகம் அவர்களே. பாடம் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல் பண்பையும் சொல்லிக் கொடுத்தார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதில் சிறுவர் அகமத் வீட்டின் வயது முதிர்ந்த பணியாளர் ஒருவரைக் கைநீட்டி அடித்துவிட்டார். செய்தி அறிந்த தாயார் மகனை வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள். சிறிய தாயாரின் இல்லத்தில் ஒளிந்திருந்த சிறுவர், மூன்று நாட்களுக்குப் பின் அந்தப் பணியாளரிடமே கைகூப்பி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வீட்டிற்குள் அனுமதிக்கப்பட்டார். பிற்காலத்தில் ஏச்சையும் பேச்சையும் பொறுத்துக்கொண்ட அந்த நெஞ்சத்தின் வேர் இங்குதான் இருந்தது போலும்.

1838-இல் தந்தையார் மறைந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய கடமையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றப் பணியில் சேர்ந்தார். 1841-இல் முன்ஸீப் பதவி கிடைத்தது. டில்லிக்கு மாற்றலாகி வந்த காலத்தில் நகரின் பழைய கட்டடங்களை ஆராய்ந்து ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ என்ற நூலை 1847-இல் வெளியிட்டார். குதுப்மினாரின் உயரத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்காக, கயிற்றில் கட்டிய கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கினார் என்பதும், கீழே நின்ற நண்பரின் முகம் அச்சத்தால் வெளிறியது என்பதும் அவர் வரலாற்றில் பதிவாகியுள்ளன. எடுத்த செயலை முடிக்காமல் விடாத இயல்பு அன்றே தென்பட்டது.

1857 தந்த காயம்

அவர் வாழ்வை இரண்டாகப் பிளந்தது 1857-ஆம் ஆண்டு. அப்போது அவர் பிஜ்னூரில் ஸத்ர் அமீன் பதவியில் இருந்தார். எங்கும் கலகம் மூண்டபோது அங்கிருந்த ஆங்கிலேயக் குடும்பங்களை உயிர்ச்சேதமின்றிப் பாதுகாத்து அனுப்பி வைத்தார். ஆனால் டில்லியில் அவருடைய சொந்தக் குடும்பம் சிதைந்தது. உறவினர் சிலர் கொல்லப்பட்டனர், வீடு சூறையாடப்பட்டது. முதிய தாயார் பணியாளரின் சிறு அறையில் ஒளிந்து, குதிரைக்கு வைத்திருந்த தானியத்தை உண்டு, குடிநீரும் இன்றி நாட்களைக் கழித்தார்கள். மகன் தேடி வந்து மீரட்டுக்கு அழைத்துச் சென்றும், அந்த அம்மையார் நெடுநாள் உயிர் வாழவில்லை.

அவர் செய்த உதவிக்கு ஈடாகப் பெரிய ஜமீன் ஒன்றை அரசு அளிக்க முன்வந்தது. தம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தைப் பரிசாகப் பெற மனம் ஒப்பாமல் அதனை மறுத்தார். துயரத்தின் மிகுதியால் நாட்டைவிட்டே நீங்கி எகிப்தில் குடியேறவும் எண்ணினார். ஆனால் வீழ்ந்து கிடக்கும் மக்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் பாதுகாப்பான இடம் தேடுவது ஆண்மையாகாது எனத் தெளிந்தார். அந்தத் தெளிவிலிருந்துதான் கல்விப் பணி பிறந்தது.

கலகத்தின் காரணங்களை ஆராய்ந்து எழுதிய உர்தூ நூலில், மக்களின் மனத்தை அறியாத ஆட்சியின் பிழைகளையும், சட்டசபையில் இந்தியருக்கு இடமின்மையையும் அவர் எடுத்துக்காட்டினார். சந்தேகத்தின் பேரிலேயே பலர் தண்டிக்கப்பட்டு வந்த காலம் அது. அச்சிட்ட படிகளை எரித்துவிடுமாறு நண்பர்கள் மன்றாடினர். அவரோ அவற்றில் பெரும்பகுதியை இலண்டனுக்கு அனுப்பி வைத்தார். ஆங்கிலேயரின் நண்பர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள் இச்செய்தியையும் நினைவில் வைக்க வேண்டும்.

கல்விக்காக ஒரு கடற்பயணம்

1859-இல் முராதாபாத்தில் ஒரு பள்ளி. 1864-இல் காஸிப்பூரில் மற்றொரு பள்ளி. அதே ஆண்டில் மேனாட்டு அறிவியல், வரலாற்று நூல்களை உர்தூவில் பெயர்த்துத் தர ஸயன்டிஃபிக் ஸொஸைட்டி. இவ்வாறு பணி வளர்ந்தது. இச்சங்கம் அவரோடு அலிகாருக்குப் பெயர்ந்தது. 1866 முதல் அங்கிருந்து உர்தூவிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்திரிகை வெளிவந்தது. அவர் காசிக்கு மாற்றலானபின் சங்கப் பணிகளைக் கவனித்தவர் அவருடைய உயிர் நண்பர் ராஜா ஜெய்கிஷன் தாஸ் ஆவார்.

1861-இல் மனைவியார் மறைந்தார். மறுமணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்த்தார். மகன் சையித் மஹ்மூதுக்கு இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தபோது, 1869-இல் தாமும் உடன் புறப்பட்டார். வழிச்செலவுக்காக வீட்டை அடமானம் வைத்தார்; அருமையாகச் சேர்த்த நூல்களை விற்றார்.

இப்பயணத்திற்கு இரு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, கேம்பிரிட்ஜ் போன்ற கல்விக்கூடங்களின் அமைப்பை நேரில் காண்பது. மற்றொன்று, நம் நெஞ்சைத் தொடுவது. சர் வில்லியம் மூர் என்ற ஆங்கில அதிகாரி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் குறித்து, இழிவுபடுத்தும் செய்திகள் கலந்த நூலொன்றை வெளியிட்டிருந்தார். அதற்கு மறுமொழி எழுதத் தேவையான நூல்கள் இந்தியாவில் கிடைக்கவில்லை. இலண்டன் நூலகங்களில் அமர்ந்து குறிப்பெடுத்து, தம் கைப்பொருளைக் கரைத்து, கடன்பட்டு, 1870-இல் மறுப்பு நூலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். இதன் விரிந்த உர்தூ வடிவமே ‘குத்பாத்தே அஹ்மதிய்யா’. அண்ணலாரின் மாண்புக்காக ஏழ்மையை விரும்பி ஏற்றுக்கொண்ட அந்த உள்ளத்தை எந்த முஃமின்தான் மதிக்காதிருக்க முடியும்?

பழியும் பத்வாவும்

தாயகம் திரும்பியதும் 1870 டிசம்பரில் ‘தஹ்தீபுல் அக்லாக்’ என்ற இதழைத் தொடங்கினார். கல்வி, ஒழுக்கம், சமுதாயச் சீர்திருத்தம் ஆகியவற்றோடு சமயக் கொள்கைகளைப் பற்றியும் அதில் எழுதினார். இங்குதான் சிக்கல் எழுந்தது.

இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. முஃஜிஸாத்துகள், மலக்குகள், ஜின்கள் ஆகியவை குறித்து அவர் தந்த விளக்கங்கள் அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் வழிக்கு மாறானவை. இயற்கையின் சட்டத்திற்கு எல்லாவற்றையும் உட்படுத்த முயன்று, முன்னோரான முஃபஸ்ஸிர்களின் பாதையைவிட்டு அவர் விலகினார். முற்றுப்பெறாமல் நின்ற அவருடைய தஃப்ஸீரை நெருங்கிய நண்பர்களே ஏற்கவில்லை. அக்கருத்துகளை அன்றைய உலமாக்கள் மறுத்தது அவர்களின் கடமை. இன்றும் நாம் அவற்றை ஏற்பதற்கில்லை.

ஆனால் எதிர்ப்பு அந்த எல்லையில் நிற்கவில்லை. அவர் தொடங்கவிருந்த கல்லூரிக்கு உதவுவதே பாவம் என்று பத்வாக்கள் எழுதப்பட்டன. மக்கா வரை சென்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி வந்தோரும் உண்டு. அவரை காஃபிர் என்றனர். நேச்சரீ என்று எள்ளினர். கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. அவர் யார்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை. தொடங்கிய பணியிலிருந்து ஓர் அடியும் பின்வாங்கவில்லை.

இன்னும் சிறப்பான ஒன்றைச் செய்தார். தம் சமயக் கருத்துகளைப் பற்றி மக்களுக்கு ஐயம் உண்டு என்பதை உணர்ந்து, கல்லூரியின் மார்க்கக் கல்வியில் தாம் தலையிடுவதில்லை என்று விலகிக்கொண்டார். அங்கு அவர் எழுதிய தஃப்ஸீர் பாடமாக வைக்கப்படவில்லை. ஸுன்னீ மாணவருக்கும் ஷீஆ மாணவருக்கும் தனித்தனியே அவரவர் வழியில் மார்க்கம் போதிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. தாம் கட்டிய வீட்டில் தம் கருத்தைத் திணிக்காத பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

தேவ்பந்தும் அலிகாரும்

அலிகார் கல்லூரிக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1866-இல், தேவ்பந்தில் தாருல் உலூம் மதரஸா தோன்றியிருந்தது. அதன் நிறுவனர்களுள் தலையானவர் மௌலானா முஹம்மது காஸிம் நானோத்தவீ (ரஹ்). 1857-இன் பேரிழப்பைக் கண்ணால் கண்ட இருவரும் ஒரே நோய்க்கு இருவேறு மருந்துகளைத் தேடினர். ஒருவர் ஈமானின் வேரைக் காக்க முனைந்தார். மற்றவர் உலக வாழ்வில் சமுதாயத்திற்கு ஓர் இடம் தேடினார்.

கொள்கையில் இருவருக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. மௌலானா அவர்கள் சர் சையிதின் கருத்துகளை எழுத்தில் மறுத்தார்கள். அம்மடல் ‘தஸ்ஃபியதுல் அகாயித்’ என்ற பெயரில் இன்றும் நூலாகக் கிடைக்கிறது. மறுப்பு இருந்தது, மரியாதை குறையவில்லை. 1880-இல் மௌலானா மறைந்தபோது, அலிகார் பத்திரிகையில் அவர்களின் இறையச்சத்தையும் எளிமையையும் போற்றி உருக்கமான இரங்கலுரை எழுதியவர் சர் சையித்தான். பின்னாளில் அலிகார் கல்லூரியின் மார்க்கத் துறைப் பொறுப்பை ஏற்றவர் மௌலானா காஸிம் அவர்களின் மருமகனாரான மௌலானா அப்துல்லாஹ் அன்ஸாரீ. கருத்து வேறுபாட்டைப் பகைமையாக்கிக்கொள்ளும் நாம் இதனைப் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கையேந்திக் கட்டிய கல்லூரி

1875 மே 24-ஆம் நாள் அலிகாரில் மதரஸத்துல் உலூம் பள்ளி தொடங்கிற்று. மறு ஆண்டு அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அலிகாரிலேயே குடியேறினார். 1877 ஜனவரி 8-ஆம் நாள் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முஹம்மடன் ஆங்கிலோ ஓரியன்டல் கல்லூரி என்று அது பெயர் பெற்றது.

நிலம் கிடைத்தது, பெயரும் கிடைத்தது, பணம் எங்கே? அறுபது வயதைக் கடந்த அந்த முதியவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். பஞ்சாபுக்கும் ஹைதராபாத்துக்கும் சென்றார். வழிச்செலவைக் கல்லூரி நிதியிலிருந்து எடுக்கவில்லை. விருந்துக்கு அழைத்தவர்களிடம் விருந்தின் செலவைக் கையில் கொடுத்துவிடும்படி கேட்டுக் கல்லூரிக் கணக்கில் சேர்த்தார். கண்காட்சியில் புத்தகக் கடை விரித்து விற்றார். நீதிபதியாக இருந்த பெரியவர், மேடையேறிப் பாடல் படித்தும் பொருள் திரட்டினார். கௌரவத்திற்கு இழுக்கு என்று உறவினர் வருந்தியபோதும் அவர் பொருட்படுத்தவில்லை. லாட்டரிச் சீட்டு நடத்தியும் நிதி சேர்த்தார். நல்ல நோக்கம் விலக்கப்பட்ட வழியை ஆகுமாக்கிவிடாது என்பதால், அதனை நாம் முன்மாதிரியாகக் கொள்ள இயலாது.

பேரன் ராஸ் மஸ்வூதின் பிஸ்மில்லாஹ் வைபவத்திலும் ஆடம்பர விருந்து வைக்காமல், 500 ரூபாயைக் கல்லூரிக்கு அளித்தார். ராஜா ஜெய்கிஷன் தாஸின் மடியில் அமர்ந்து அக்குழந்தை ஓதத் தொடங்கிய காட்சி, அந்நாளின் நட்புறவுக்குச் சான்று. கல்லூரிக்குப் பொருள் தந்தோரில் ஹிந்துப் பிரபுக்களும் இருந்தனர். அங்கு ஹிந்து மாணவரும் பயின்றனர். அக்கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்ற ஹிந்து இளைஞரே. ஆசிரியர் வரிசையில் ஆங்கிலேயரான தாமஸ் ஆர்னல்டும் அல்லாமா ஷிப்லீ நுஃமானீயும் ஒரே காலத்தில் பணியாற்றினர்.

கல்லூரி ஒன்று மட்டும் போதாது என உணர்ந்து, 1886-இல் முஸ்லிம் கல்வி மாநாட்டைத் தொடங்கினார். ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் கூடிய அந்த மாநாடு, அவர் மறைவுக்குப் பின் 1901-இல் சென்னையிலும் கூடியது. கல்விச் சங்கங்களையும் பள்ளிகளையும் நிறுவ வேண்டும் என்ற ஆர்வம் நம் பகுதிச் செல்வர்களிடையே வளர்ந்ததில் அதற்கும் ஒரு பங்குண்டு.

குறைகளும் உண்டு. பெண் கல்வியைப் பொறுத்தவரை, முதலில் ஆண்கள் படிக்கட்டும் என்று தயங்கினார். அன்னையிடமே முதற்பாடம் பெற்ற அவர் இதில் பின்தங்கியது வியப்பளிக்கிறது. அலிகாரில் பெண்களுக்கான பள்ளி தோன்றியது 1906-இல்தான். அதனைத் தோற்றுவித்தவர் அக்கல்லூரியின் மாணவரான ஷைகு அப்துல்லாஹ். 1920-இல் கல்லூரி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் என்ற பெண்மணி! விதைத்தவர் எண்ணியதற்கும் மேலாக விதை வளர்ந்தது.

இறுதி நாட்கள்

அரசு 1888-இல் சர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. ஆனால் இறுதிக் காலம் இன்பமாக அமையவில்லை. 1895-இல், கல்லூரி அலுவலகத்தில் நம்பிக்கைக்குரியவராக இருந்த எழுத்தர் ஒருவர் இலட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியது தெரியவந்தது. பைசா பைசாவாகச் சேர்த்தவரின் நெஞ்சு உடைந்தது. குடும்பத்திலும் மனக்கசப்பு நேர்ந்து, தாம் வாழ்ந்த வீட்டைவிட்டு நண்பரின் இல்லத்தில் தங்கும் நிலை ஏற்பட்டது.

1898 மார்ச் 27-ஆம் நாள், எண்பது வயதில், அந்த நண்பர் வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெரும் மாளிகைகளை எழுப்பிய கைகளில் சொந்தமாக ஏதும் எஞ்சவில்லை. கபன் செலவுக்கும் நண்பர் முஹ்ஸினுல் முல்க் அவர்களே பொருள் தந்தார் என்பர். கல்லூரிப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தொழுகைக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் அந்த மண்ணறையைக் கடந்துதான் செல்கிறார்கள்.

நாம் பெறும் படிப்பினை

இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் அக்கல்லூரியின் மாணவர். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். அங்குப் பயின்று சென்ற மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் எண்ணற்றோர். பத்வாவைக் கண்டு அஞ்சி அன்று அப்பெரியவர் வீட்டிற்குள் முடங்கியிருந்தால், இக்குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும்?

மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவருடைய கொள்கைப் பிழைகளை மறுத்த நம் முன்னோர் செய்தது சரியே. ஆனால் அந்தப் பிழைகளைக் காட்டிக் கல்வியையே தடுத்தவர்கள், சமுதாயத்தின் ஒரு தலைமுறையைப் பின்னுக்குத் தள்ளினர். கருத்தை மறுப்பது வேறு. கதவை அடைப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் இன்றும் நம் மஹல்லாக்களில் எத்தனை நற்பணிகள் முளையிலேயே கருகுகின்றன! ஒருவர் தொப்பி அணியும் முறையிலும் துஆ ஓதும் முறையிலும் வேறுபாடு கண்டு, அவர் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாதவர் இல்லையா?

விருந்துச் செலவைக் கல்விக்குக் கேட்டு வாங்கிய அந்த முதியவரை நம் இல்லத் திருமணங்களின்போது நினைத்துக்கொள்வோமாக. பந்தலுக்கும் பந்திக்கும் இறைக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், நம் மஹல்லாவில் ஓர் ஏழைப் பிள்ளையின் ஓராண்டுப் படிப்பு நிறைவேறும். ஆண் பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அவர் தயங்கிய இடத்தில் நாம் தயங்க வேண்டியதில்லை.

மனிதரில் பிழையற்றவர் நபிமார்களே. மற்றெல்லோரின் வாழ்விலும் ஏற்கத்தக்கதும் விடத்தக்கதும் உண்டு. விடத்தக்கதை விட்டு, ஏற்கத்தக்கதை நன்றியோடு ஏற்பதே அறிவுடையோர் வழி. சர் சையித் அகமத் கான் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! அவர் நட்ட மரத்தின் நிழலில் இளைப்பாறும் ஒவ்வொரு மாணவனின் நன்மையிலும் அவருக்குப் பங்களிப்பானாக! நம் பிள்ளைகளுக்கு இம்மையின் கல்வியையும் மறுமையின் கல்வியையும் ஒருசேர வழங்குவானாக! ஆமீன்.